சமூகவியலும் மானிடவியலும்: சேரலாமா என்று கேட்டவருக்கு

கேள்வி, ஜூன் 2

பல்கலைக்கழகத்தில் சமூகவியல், மானிடவியல் இரண்டும் சேர்ந்த பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் இதைப் பற்றித் தெரியாது. மாமா மட்டும் சொன்னார்: "ரெண்டும் ஒண்ணுதான். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை யாருக்கும் புரியாத மாதிரி சொல்லிக் கொடுப்பாங்க." படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். சேரலாமா?

ஜூன் 2, இரவு

சேருங்கள். இரண்டையும் ஐந்து ஆண்டுகள் படித்தவன் நான். பாசத்தில் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மாமாவின் "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்". அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் ஒரு கட்டுரை எழுதினார். மாநிலம் மாநிலமாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவாக இருந்தார்கள். இதைக் கேட்டதும் மனம் ஒரு காரணத்தைக் கட்டிவிடும். துணிந்து நாடு விட்டு வந்தவர்கள் கொஞ்சம் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள், இதில் என்ன அதிசயம் என்று. ஆனால் ஆள் ஆளாக எண்ணிப் பார்த்தால் விடை தலைகீழ். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குடியேறியவர்களிடையேதான் சற்று அதிகம். அவர்கள் போய்ச் சேர்ந்த மாநிலங்களில் அங்கேயே பிறந்தவர்கள் நன்றாகப் படித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

முதல் ஆண்டில் ஆசிரியர் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். விடையைச் சொல்வதற்கு முன்பு எங்களைக் காரணம் எழுதச் சொன்னார். நாற்பது பேரும் எழுதினோம். நாற்பதும் நன்றாகத்தான் இருந்தன. நாற்பதும் தவறு. தெரிந்த விஷயம் என்று நாம் நினைப்பது எவ்வளவு சுலபமாக உருவாகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அடுத்தது, இரண்டும் ஒன்றா? சுருக்கமாகச் சொன்னால் சமூகவியல் எண்ணிப் பார்க்கும், மானிடவியல் கூட இருந்து பார்க்கும். ஒன்று ஆயிரம் வீட்டுக்கு வினாப்பட்டியல் கொடுக்கும், மற்றது ஒரே வீட்டு வாசலில் ஒரு வருடம் உட்காரும்.

ஜூன் 3, காலை

நேற்றைய கடைசிப் பத்தியை நம்ப வேண்டாம். வசதியாக இருந்தது, எழுதிவிட்டேன். காலையில் எழுந்து படித்தால் உறுத்துகிறது.

மானிடவியலில் பெரிய பெயர் பிரான்ஸ் போவாஸ். 1881இல் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில், கடல்நீரின் நிறம் பற்றி. 1883இல் கனடாவின் வடக்கே உள்ள பாஃபின் தீவுக்குப் போய் இன்யூட் மக்களோடு ஓராண்டு இருந்தார். அவரேதான் பின்னால் நியூயார்க்கில் குடியேறியவர்கள், அவர்களது பிள்ளைகள் என ஏறக்குறைய 18,000 பேரின் தலையை அளந்து கணக்குப் போட்டவர். தலையின் வடிவத்தை வைத்து இனத்தைச் சொல்லிவிடலாம் என்று அந்தக் காலத்து அறிஞர்கள் பலர் நம்பினார்கள். பெற்றோருக்கும் புதிய நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கும் அளவு மாறுகிறது என்று போவாஸ் காட்டியதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இதைவிட எண்ணிப் பார்க்கிற வேலை வேறு என்ன இருக்கிறது?

இந்தப் பக்கம் பாருங்கள். டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1896, 97இல் பிலடெல்பியாவின் ஏழாவது வட்டாரத்தில் குடியிருந்துகொண்டு கறுப்பின மக்களின் வீடுகளுக்கு வீடு வீடாகத் தானே போய்ப் பேசினார். 1899இல் அது நூலாக வந்தது. சமூகவியலின் தொடக்க நூல்களில் ஒன்று. அவர் வரைபடமும் போட்டார், அட்டவணையும் போட்டார், தெருவிலும் நின்றார்.

ஆகவே எண்ணுவது, கூட இருப்பது என்று கோடு கிழிக்க முடியாது. ஆரம்பத்தில் சமூகவியலாளர் பெரும்பாலும் தாங்கள் வாழ்ந்த தொழில் நகரங்களைப் பார்த்தார்கள், மானிடவியலாளர் தொலைவில் உள்ளவர்களைத் தேடிப் போனார்கள். தொலைவு என்பது பல இடங்களில் தங்கள் நாட்டின் காலனி. அந்தப் பழைய பிரிவினை இப்போது பெரும்பாலும் போய்விட்டது. படிக்கும் நூல்களின் வரிசை, பேசும் பாணி, தேர்வுத்தாள் இவற்றில்தான் அது மிச்சம் இருக்கிறது.

ஜூன் 3, மாலை

மாமா என்றதும் நினைவுக்கு வந்தது. சமூகவியலைப் பல்கலைக்கழகப் பாடமாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் எமில் டர்க்கைம். தற்கொலை பற்றி 1897இல் அவர் வெளியிட்ட நூலுக்கு ஏறக்குறைய 26,000 தற்கொலைப் பதிவுகளை வகைப்படுத்திக் கொடுத்தவர் அவருடைய அக்கா மகன் மார்செல் மோஸ். அதே மோஸ் 1925இல் அன்பளிப்பு பற்றி எழுதிய நீண்ட கட்டுரையை மானிடவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது என்ற மூன்று கடமைகள் மனிதர்களை எப்படிக் கட்டி வைக்கின்றன என்பதுதான் அதன் பேச்சு.

தாய்மாமன் சமூகவியல், மருமகன் மானிடவியல். ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு துறையும் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஜூன் 5

"எனக்குக் கணக்கு வராது, அதனால்தான் இந்தப் பக்கம் வருகிறேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கவனமாகப் படியுங்கள்: பெரும்பாலான இடங்களில் புள்ளியியல் தாள் உண்டு. மாதிரி எடுப்பு, சராசரி, திட்ட விலக்கம், கை வர்க்கச் சோதனை (chi-square), அப்புறம் கணினியில் மென்பொருள். பயப்படும் அளவுக்கு இல்லை. கணக்கைவிட அதற்குப் பின்னால் இருக்கிற கேள்விதான் முக்கியம்: யாரைக் கேட்டோம், யாரை விட்டோம்?

1936இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்க இதழ் ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் அதிகமான பதில்கள் வந்தன. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46இல் வென்றார். முகவரிகள் தொலைபேசிப் பட்டியல், கார் வைத்திருப்போர் பட்டியல் போன்றவற்றிலிருந்து எடுத்தவை. பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலத்தில் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவர் யார்? அதோடு பதில் அனுப்ப மெனக்கெட்டவர்கள் யார், சும்மா இருந்தவர்கள் யார் என்பதும் இருக்கிறது. அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ஜார்ஜ் கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர் சரியாகச் சொன்னார்.

23 லட்சம் பேர் சொன்னதே தவறாகப் போகும் என்று தெரிந்த பிறகு எனக்குப் புள்ளியியல் பிடித்துப்போனது. நம்பச் சொல்லித் தரும் பாடம் என்று நினைத்துத்தான் போனேன். எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதைத்தான் அது சொல்லிக் கொடுத்தது.

ஜூன் 5, பின்குறிப்பு

கோட்பாட்டுத் தாள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மார்க்ஸ், வேபர், டர்க்கைம். மூவருக்கும் தாடி, அதனால் எங்கள் வகுப்பில் அந்தத் தாளுக்கு "தாடித் தாள்" என்று பெயர். முதல் பருவத்தில் மூவரும் ஒரே குரலில் பேசுவது போல இருக்கும். விளக்க நூலை மட்டும் படித்து ஒப்பேற்றாதீர்கள், மூலத்தில் இருபது பக்கமாவது படியுங்கள். வேபர் வாக்கியத்துக்குள் வாக்கியமாக எழுதுபவர், மெதுவாகத்தான் போக முடியும். உறவுமுறைத் தாளில் முக்கோணம் ஆண், வட்டம் பெண், இரட்டைக் கோடு திருமணம். உங்கள் குடும்பத்தையே வரைந்து பழகுங்கள். மூன்றாம் தலைமுறைக்கு மேலே போகும்போது பெண்களின் பெயர்கள் மட்டும் உங்களுக்குத் தெரியாமல் போகிறதா என்று பாருங்கள். எனக்கு அப்படித்தான் ஆனது.

ஜூன் 8

களப்பணி எப்படி இருக்கும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நீளமாக எழுதப் போகிறேன்.

என் ஆய்வேட்டின் தலைப்பு இரவுக் காவலாளிகளின் தனிமை. தலைப்பை எழுதிக் கொடுத்தபோது ஒரு காவலாளியிடமும் நான் பேசியிருக்கவில்லை. நெறியாளர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தனிமை என்று அவர்கள் சொன்னார்களா, நீ சொல்கிறாயா?" போய்ப் பார்த்தால் தெரியும் என்றேன். "தெரிந்த பிறகு எழுதலாமே" என்றார். நான் மாற்றவில்லை.

ஓர் அலுவலகக் கட்டடத்தின் வாசலில் ஏழு மாதம், வாரத்துக்கு மூன்று இரவு. இரண்டு காவலாளிகள். ஒருவர் அறுபதை ஒட்டிய பெரியவர், இன்னொருவர் இருபதுகளில் இருந்தவர். முதல் மாதக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. நான் போனதும் பெரியவர் எழுந்து நிற்பார். எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கு சார், ஒரு குறையும் இல்ல சார்." நிறுவனம் வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று நினைத்திருக்கிறார். பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டினேன், அது இன்னும் மோசமாக்கியது. முத்திரை வைத்த கடிதம் அவர் வாழ்க்கையில் நல்ல சேதி கொண்டுவந்ததே இல்லை என்று பிறகு சொன்னார்.

ஆறாவது வாரம் என்று நினைக்கிறேன். உடம்பு சரியில்லாமல் போயிருந்தேன், நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். நாலு மணிக்கு விழித்தால் மேலே அவருடைய போர்வை. அதற்கு அடுத்த இரவிலிருந்து அவர் எழுந்து நிற்பதை விட்டுவிட்டார். "சார்" போய் "தம்பி" வந்தது. அசந்து தூங்கிப்போகிறவன் வேவுக்காரனாக இருக்க மாட்டான் என்று முடிவு செய்திருக்கலாம். காய்ச்சல்காரப் பையனிடம் சாதாரணமாகவே ஏற்படும் பரிவாகவும் இருக்கலாம். காரணம் எதுவோ, நான் செய்த எந்த முயற்சியும் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

தனிமை பற்றி அதன் பிறகுதான் கேட்டேன். அவர் சொன்னது குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது:

"முன்னாடி பகல் டூட்டி பார்த்தேன் தம்பி. அப்பதான் யாருமே இல்லாத மாதிரி இருக்கும். ஆயிரம் பேர் உள்ளே போவாங்க. கதவைப் பார்ப்பாங்க, என்னைப் பார்க்க மாட்டாங்க. ராத்திரி ஒரே ஒருத்தர் வந்தாலும் என்கிட்ட பேசாம உள்ளே போக முடியாதே."

பக்கத்தில் இருந்தும் கணக்கில் வராத மனிதர்களைப் பற்றி, பணியாளர்களை உதாரணம் காட்டி, சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1959இலேயே எழுதியிருக்கிறார். அதை நான் படித்து, அடிக்கோடு போட்டு, தேர்விலும் எழுதியிருந்தேன். ஆனாலும் காவலாளி என்றதும் எனக்கு இருட்டும் தனிமையும்தான் தோன்றின. பகல் என்ற ஒன்று மனதில் வரவே இல்லை. ஆய்வேட்டின் தலைப்பு நாலாவது மாதத்தில் மாறியது.

ஜூன் 8, இரவு

மேலே சொல்ல மறந்தது. குறிப்புகளை அன்றன்றைக்கே எழுதுங்கள். விடியற்காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, தூங்குவதற்கு முன்பு எழுதுவேன். தூங்கி எழுந்தால் பேச்சு போய்விடும், கருத்து மட்டும் நிற்கும்.

இன்னொன்று, படி எடுத்து வேறு வேறு இடத்தில் வையுங்கள். இந்திய மானிடவியலாளர் எம். என். சீனிவாஸ் 1948இல் ராம்புரா என்று அவர் பெயர் சூட்டிய ஊரில் களப்பணி செய்தார். பதினெட்டு ஆண்டுகளாகத் தொகுத்த குறிப்புகளுக்கு மூன்று படிகள் வைத்திருந்தார். 1970இல் ஸ்டான்போர்டில் அவர் அறை தீ வைப்பில் எரிந்தபோது மூன்று படிகளும் அந்த அறையிலேயே இருந்தன. நினைவிலிருந்தே எழுதி 1976இல் நூலை வெளியிட்டார். இன்னொரு மானிடவியலாளர் எட்மண்ட் லீச்சும் பர்மாவின் கச்சின் மலைப்பகுதி பற்றிய குறிப்புகளை இரண்டாம் உலகப் போரில் இழந்தவர், அவருடைய நூல் 1954இல் வந்தது. இரண்டுமே பெரிய நூல்கள்தான். ஆனால் அவர்களைப் போன்ற நினைவாற்றல் எல்லோருக்கும் வாய்க்காது. படி எடுங்கள்.

ஜூன் 11

"களத்தில் நீங்கள் செய்த பெரிய தவறு எது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தலைப்பு மாறியது ஒரு பொருட்டே இல்லை. இதுதான் பெரியது.

காவலாளிகள் மணிக்கு ஒருமுறை கட்டடத்தைச் சுற்றி வந்து பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேரும் மாறி மாறிச் சுற்ற வேண்டும். பெரியவர் என்ன செய்வார் என்றால், இரண்டு மணிக்கு உட்கார்ந்து விடியும் வரைக்குமான எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார், இளையவருடைய வரிகளையும் சேர்த்து. "எல்லாம் சரி, எல்லாம் சரி" என்று பக்கம் முழுக்க.

நான் அப்போதுதான் ஜேம்ஸ் ஸ்காட் படித்திருந்தேன். மலேசிய நெல் கிராமம் ஒன்றில் ஏழைகள் நேருக்கு நேர் மோதாமல், வேலையை இழுத்தடித்து, தெரியாத மாதிரி நடித்து எப்படி எதிர்க்கிறார்கள் என்று 1985இல் எழுதியவர். படித்த கையோடு களத்தில் பதிவேட்டைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? "பதிவேட்டைப் பொய்யாக நிரப்புவது நிர்வாகக் கண்காணிப்புக்கு எதிரான அன்றாட எதிர்ப்பு" என்று இரண்டு பக்கம் எழுதினேன். நெறியாளருக்கும் பிடித்திருந்தது.

ஒரு நாள் பெரியவர், "என்னைப் பத்தி என்ன தம்பி எழுதியிருக்க, படிச்சுக் காட்டு" என்றார். படித்தேன். எளிய சொற்களில் மாற்றி மாற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இளையவர் அப்போது சுற்றுக்குப் போயிருந்தார். "அவனுக்கு எழுத வராது" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மட்டும் எடுப்போம் என்பது நிறுவனத்தின் விதி. இளையவர் எப்படியோ சேர்ந்துவிட்டார். மேற்பார்வையாளர் வருவது மூன்று மணிக்கு மேல். அவர் வரும்போது பேனா இளையவர் கைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெரியவர் முன்கூட்டியே இருவருக்கும் எழுதி முடித்துவிடுவார். சுற்று எதையும் அவர்கள் தவறவிட்டதில்லை. அதையும் நான் ஏழு மாதம் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டேதான் "பொய்யாக" என்ற சொல்லை எழுதினேன்.

இதில் எதிர்ப்பே இல்லை என்றும் இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவரை வேலையில் காப்பாற்றுவது விதியை மீறுவதும்தானே. ஆனால் நான் எழுதிய இரண்டு பக்கத்தில் இளையவர் எங்கேயும் இல்லை. காவலாளிக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே நடப்பதாகவே எல்லாவற்றையும் பார்த்தேன். நடந்தது இரண்டு காவலாளிகளுக்கு நடுவே.

ஜூன் 12

நேற்றைய குறிப்புக்கு ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார்: "அந்த ரகசியத்தை இப்போது நீங்களே ஊருக்குச் சொல்கிறீர்களே?" நியாயமான கேள்வி. இரவு தூக்கம் வரவில்லை.

ஆய்வேட்டில் இதை நான் எழுதவில்லை. இரண்டு பக்கத்தையும் நீக்கினேன். பதிவேடு என்ற சொல்லே ஆய்வேட்டில் கிடையாது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், காவலாளிகளின் எழுத்து வேலை பற்றி ஏன் எதுவும் இல்லை என்று கேட்டார். விளக்க முடியாமல் நின்றேன். மதிப்பெண் குறைந்தது. வருத்தமில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம், இருவரும் அந்த வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அடையாளம் தரும் விவரங்கள் சிலவற்றை மாற்றியும் எழுதியிருக்கிறேன். எவை என்று சொல்ல மாட்டேன். பெரியவரிடம் பின்னாளில் அனுமதியும் கேட்டேன், தந்தார். இளையவரிடம் கேட்கவில்லை. எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆய்வு அறநெறி என்று ஒரு பாடம் இருக்கும். ஒப்புதல் படிவம், பெயர் மறைப்பு என்று வறட்சியாகத் தொடங்கும், விட்டுவிடாதீர்கள். முதல் உலகப் போரின்போது நான்கு பேர் ஆராய்ச்சியாளர் என்ற போர்வையில் உளவு வேலை செய்தார்கள் என்று 1919இல் போவாஸ் ஒரு வார இதழில் கடிதம் எழுதினார், பெயர் சொல்லாமல். அதற்காக அவருடைய சங்கமான அமெரிக்க மானிடவியல் சங்கமே அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது, 20க்கு 10 வாக்கில். உளவு பார்த்தவர்கள்மீது நடவடிக்கை இல்லை. நம்மை நம்பிப் பேசியவர்களுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் கணக்கு எவ்வளவு பழையது, எவ்வளவு தீராதது என்று இந்தக் கதையில்தான் எனக்கு உறைத்தது.

ஜூன் 17

வேலை கிடைக்குமா? இதைக் கேட்காமல் யாரும் சேர மாட்டார்கள், கேட்கவும் வேண்டும். பட்டத்தின் பெயரிலேயே வேலை என்று எதிர்பார்த்தால் கஷ்டம். கணக்கெடுப்பு, பொதுச் சுகாதாரம், தொண்டு நிறுவனங்கள், செயலி செய்கிற நிறுவனங்களில் பயனர் ஆய்வு, பத்திரிகை, ஆசிரியப் பணி என்று என்னுடன் படித்தவர்கள் சிதறிப் போனார்கள். இரண்டு ஆண்டுகள் நிலையான வேலை இல்லாமல் தடுமாறியவர்களும் உண்டு. இதை மறைக்க மாட்டேன். புள்ளியியலும் நல்ல நேர்காணல் பழக்கமும் கைவசம் இருந்தவர்களுக்குச் சீக்கிரம் கிடைத்தது.

ஆனால் இந்தப் படிப்பால் யாருக்குப் பயன் என்று யாராவது கேட்டால் நான் குரு நோயைத்தான் சொல்வேன். பாப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடையே நடுக்கம் தொடங்கி உயிரையே வாங்கும் நோய். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம் இறந்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்ததால் மரபணுக் கோளாறு என்ற எண்ணம் மருத்துவர்களிடையே பலமாக இருந்தது. 1961 முதல் 63 வரை ராபர்ட் கிளாஸ், ஷெர்லி லிண்டன்பாம் என்ற இரண்டு மானிடவியலாளர்கள் அங்கே தங்கி, முதலில் யாருக்கு வந்தது, எந்த ஊரில், அவர் யாருக்கு என்ன உறவு என்று பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். நோய் வந்ததே அவர்கள் நினைவுக்கு எட்டிய காலத்தில்தான் என்று தெரிந்தது. இறந்த உறவினரின் உடலை உண்ணும் துக்கச் சடங்கும் அங்கே பரவி அதிக காலம் ஆகவில்லை, அதில் பங்கெடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு மரபணு இப்படிப் பரவ முடியாது. நோய் தொற்றக்கூடியது என்பது 1966இல் ஆய்வகத்தில் உறுதியானது.

ஜூன் 5இல் முக்கோணமும் வட்டமும் வரைந்து பழகச் சொன்னேனே, இந்த வேலையும் அந்த வகைதான். யார் யாருக்கு என்ன உறவு, யார் எப்போது இறந்தார்.

ஜூன் 20

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியை ஏன் குறிப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறார் ஒருவர். களப்பணி என்றாலே அவர்தான் என்பதால் வேண்டுமென்றேதான் தள்ளி வைத்திருந்தேன். 1915 முதல் 1918 வரை, இடையில் ஓர் இடைவெளி விட்டு, நியூ கினிக்குக் கிழக்கே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கூடாரம் போட்டுத் தங்கினார். அந்த மக்களின் மொழியில் பேசினார். சிவப்புச் சிப்பி மாலைகள் ஒரு திசையிலும் வெள்ளைச் சிப்பி வளையங்கள் எதிர்த் திசையிலும் தீவு தீவாகச் சுற்றிவரும் குலா பரிமாற்றத்தை 1922இல் எழுதினார். மோஸின் அன்பளிப்புக் கட்டுரைக்கு இதுவும் ஒரு முக்கியமான ஆதாரம்.

1942இல் அவர் இறந்தார். 1967இல் அவருடைய சொந்த நாட்குறிப்பு வெளிவந்தது. அந்த மக்கள்மீது எரிச்சல், இழிவான சொற்கள், ஊர் ஏக்கம், உடம்பைப் பற்றிய ஓயாத கவலை. இரண்டாம் ஆண்டில் அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது, ஏமாந்துவிட்டோம் என்று. என் களப்பணி முடிந்த பிறகு திரும்ப வாசித்தேன். இழிசொற்களை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை, காலனி அதிகாரத்தின் நிழலில்தான் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஆனால் எரிச்சலைப் புரிந்துகொண்டேன். என் குறிப்பேட்டிலும் ஒரு வரி இருக்கிறது: "இன்றும் அதே கதையைச் சொல்கிறார்." பெரியவர் தன் மகளைப் பற்றிச் சொன்ன கதை அது. நாலாவது முறையாகச் சொன்னார் என்பதை மட்டும் எழுதிவிட்டு, கதையை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

ஜூலை 14

சேர்ந்துவிட்டீர்கள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். மாமாவே கூட வந்து சேர்த்துவிட்டாராமே.

முதல் பயிற்சியாக ஒரு பொது இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், நூலக வரவேற்பறையில் எழுதியதை இங்கே போட்டிருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. கதவைத் தள்ளுபவர்கள், இழுப்பவர்கள் என்று எண்ணியது எனக்குப் பிடித்தது. ஒரு வரியை மட்டும் திருத்துங்கள். "மேசைக்குப் பின்னால் ஒரு பெண் சலிப்போடு உட்கார்ந்திருந்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். சலிப்பு உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அவர் கை என்ன செய்தது, எங்கே பார்த்தார், எத்தனை முறை எழுந்தார், யார் வந்தபோது பேசினார் என்று எழுதுங்கள். முடிந்தால் நாளைக்கும் அதே நேரம் போய் உட்காருங்கள். மூன்றாம் நாள் அவரிடமே கேட்கலாம்.